கடிதம் ஒன்று, காட்சி வேறு

1991 ஏப்ரல் 18. கோழிக்கோடு நகரில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட செலக்கோடன் ஆயிஷா என்ற அம்மா மேடை ஏறினார். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அவர் அறிவித்தார்.

34 ஆண்டுகள் கழிந்தன. 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரத்தில் இன்னொரு கூட்டம் நடந்தது. கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று முதலமைச்சராக இருந்த பினராயி விஜயன் அறிவித்தார். இதற்கு முன்னோடியாக இருந்தது திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள புல்லம்பாறை ஊராட்சி. அந்த ஊராட்சி 2022-லேயே இந்தப் பெயரைப் பெற்றுவிட்டது.

டிஜிட்டல் எழுத்தறிவு என்றால் என்ன? செல்போனையும் கம்ப்யூட்டரையும் நம் வேலைக்குப் பயன்படுத்தத் தெரிவது. எழுத்து தெரிந்தால் போதாதா? போதாது. எழுத்து எங்கே இருக்கிறது, அது எப்படித் தெரிகிறது என்பதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகும்? வந்த கடிதம் வரவில்லை என்று நினைத்து விடுவோம். வேண்டிய கடிதத்தை நாமே அழித்து விடுவோம்.

அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

கடிதத்தைக் காணோம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்வோம். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினார். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொன்னார்கள். ஏதாவது மாற்றம் இருந்தால் மின்னஞ்சலில் தெரிவிப்போம் என்றும் சொன்னார்கள்.

மின்னஞ்சல் என்பது கம்ப்யூட்டர் வழியாக வரும் கடிதம். இ-மெயில் என்றும் சொல்வார்கள்.

அந்த அம்மா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். புதிதாக வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அப்படித்தான் அவருக்குப் பழக்கம்.

புதன்கிழமை அவர் கரமனையில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போனார். அங்கே அக்காள் மகளின் கம்ப்யூட்டரில் தன் மின்னஞ்சலைத் திறந்தார். எழுத்து எள்ளு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார். போன வருஷத்துக் கடிதம் நின்றது.

"என்ன மக்களே, ஆஸ்பத்திரியிலேருந்து ஒண்ணும் வரலியே?" என்றார்.

அக்காள் மகள் வந்து பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள்.

"வந்திருக்கு சித்தி. இதோ பாருங்க, அடியில கெடக்கு. ஆபரேஷனை நாளைக்கே மாத்திட்டாங்களாம். காலையில எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எங்க வீட்டுல மேலதானே நிக்கும்?"

"அது உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் சித்தி. இது வேற. இதுல பழசு மேல, புதுசு கீழ."

கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் அந்த அம்மா நாளைத் தவறவிட்டிருப்பார். கடிதம் வந்தது. ஆனால் அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஒரே அம்மா, ஒரே மின்னஞ்சல். ஆனால் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகத் தெரிகிறது. ஏன்?

கடிதம் எங்கே இருக்கிறது?

கடிதம் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை.

நமக்கு மின்னஞ்சல் வசதி தரும் நிறுவனத்திடம் பெரிய கம்ப்யூட்டர்கள் உண்டு. அவற்றுக்குச் சர்வர் என்று பெயர். அவை தூரத்தில் எங்கோ இருக்கும். இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு வரும் கடிதம் முதலில் அங்கே போய்ச் சேருகிறது. தபால் நிலையத்தில் நம் பெயருக்கு ஒரு பெட்டி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது இன்று நேற்று வந்தது அல்ல. 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15-ல் கிடைத்தது.

பெட்டியில் இருக்கும் கடிதத்தைப் படிக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழிக்குப் பாப் என்று பெயர். இதில் கடிதத்தை நம் கம்ப்யூட்டருக்கே எடுத்து வந்துவிடுவோம். தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. நகல் ஒன்று அங்கே இருக்கட்டும் என்று சொல்லி வைக்கலாம். சொல்லாவிட்டால் பெட்டி காலியாகி விடலாம். அப்புறம் வேறு கம்ப்யூட்டரில் அந்தக் கடிதத்தைப் பார்க்க முடியாது.

இரண்டாவது வழிக்கு ஐமேப் என்று பெயர். 1986-ல் மார்க் கிறிஸ்பின் என்பவர் இதை உருவாக்கினார். இதில் கடிதம் பெட்டியிலேயே இருக்கும். நாம் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே பெட்டியைத்தான் பார்க்கிறோம். கரமனையில் பார்த்தாலும் அதே கடிதம். சாலைக் கடைத்தெருவில் பார்த்தாலும் அதே கடிதம். இரண்டு மூன்று இடத்தில் மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு இந்த வழிதான் நல்லது.

காட்சி எங்கே இருக்கிறது?

கடிதத்தைப் படிக்க ஒரு மென்பொருள் வேண்டும். மென்பொருள் என்றால் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு. மின்னஞ்சல் படிக்க உதவும் மென்பொருள்களில் ஒன்று தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் இதன் முதல் பதிப்பு வந்தது. இது ஒரு கட்டற்ற மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பிறருக்கும் கொடுக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் மாற்றியும் அமைக்கலாம். கட்டற்ற மென்பொருளுக்கு இந்தியாவில் பாடுபடும் அமைப்பு ஒன்று 2001-ல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களிலும் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது.

சரி, தண்டர்பேர்டு என்ன செய்கிறது?

நாம் எழுத்தைப் பெரிதாக்குகிறோம். புதுக் கடிதம் மேலே நிற்கட்டும் என்று சொல்கிறோம். இதையெல்லாம் அது ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேடு தூரத்துச் சர்வரில் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதற்குப் புரொஃபைல் என்று பெயர்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பேடு. அக்காள் மகளின் கம்ப்யூட்டரில் வேறு குறிப்பேடு. இந்தக் குறிப்பேட்டில் எழுதியது அந்தக் குறிப்பேட்டுக்குத் தானாகப் போகாது. அதனால்தான் இங்கே பெரிய எழுத்து, அங்கே சின்ன எழுத்து.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மூன்று வாசல் வழியாகத் தரிசனம். ஒரு வாசலில் முகம் தெரியும். நடு வாசலில் நாபி தெரியும். அடுத்த வாசலில் பாதம் தெரியும். உள்ளே பள்ளிகொண்டிருப்பவர் ஒருவர்தான். வாசலுக்கு வாசல் காட்சி மாறுகிறது. மின்னஞ்சலும் அதே மாதிரிதான். பெட்டி ஒன்று. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் காட்சி வேறு.

எது இங்கே மட்டும்? எது எல்லா இடத்திலும்?

இதுதான் முக்கியமான கேள்வி. இதை நன்றாகப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இவை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் மாறும்:

• எழுத்தின் அளவு
• திரையின் நிறம், வெள்ளையா கறுப்பா என்பது
• பழையது மேலேயா, புதியது மேலேயா என்ற வரிசை
• அனுப்பியவர் பெயர், தேதி போன்ற எந்தெந்தக் கட்டங்கள் தெரிய வேண்டும் என்பது
• படிக்காத கடிதங்களை மட்டும் காட்டு என்ற ஏற்பாடு

இவற்றைத் தாராளமாக மாற்றலாம். கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது. மற்றக் கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஐமேப் வழியில் பார்க்கும்போது இவை எல்லா இடத்திலும் மாறும்:

• படித்தாயிற்று என்ற அடையாளம்
• முக்கியம் என்று போடும் நட்சத்திரக் குறி
• ஒரு கடிதத்தை வேறு அறைக்கு மாற்றுவது
• கடிதத்தை அழிப்பது

இவை பெட்டியிலேயே நடக்கும் மாற்றங்கள். கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

"இந்தக் கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது. இங்கே மட்டும் அழித்து விடுகிறேன். வீட்டில்தான் இருக்கிறதே" என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. இங்கே அழித்தால் வீட்டிலும் போய்விடும். செல்போனிலும் போய்விடும். கிணறு ஒன்றுதான். எந்த வாளியில் இறைத்தாலும் தண்ணீர் அதே கிணற்றில்தான் குறையும்.

தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். அழித்த கடிதம் பொதுவாக முதலில் குப்பைப் பெட்டிக்குப் போகும். ஜிமெயிலில் 30 நாள் வரை அங்கே இருக்கும். அதற்குள் எடுத்து விடலாம். நாள் கடந்தால் கிடைக்காது.

இரண்டும் சேர்ந்தால் வரும் குழப்பம்

இன்னொரு நிகழ்ச்சியை யோசித்துப் பாருங்கள்.

தையல் கடை அம்மாவின் மகன் தன் செல்போனிலும் அம்மாவின் மின்னஞ்சலை வைத்திருக்கிறான். ஒரு கடிதம் வந்தது. அவன் பஸ்ஸில் போகும்போது திறந்து பார்த்தான். வீட்டுக்கு வந்து சொல்ல மறந்துவிட்டான்.

அவன் திறந்தவுடன் 'படித்தாயிற்று' என்ற அடையாளம் விழுந்தது. அது பெட்டியில் விழும் அடையாளம். எல்லா இடத்திலும் தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரிலோ 'படிக்காத கடிதங்களை மட்டும் காட்டு' என்று யாரோ வைத்திருக்கிறார்கள். அது அந்தக் கம்ப்யூட்டரின் ஏற்பாடு. என்ன ஆகும்? அந்தக் கடிதம் அம்மாவின் திரையில் வரவே வராது. ஆனால் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

ஆகவே, கடிதம் தெரியவில்லை என்றால் உடனே 'வரவில்லை' என்று முடிவு செய்யாதீர்கள். மூன்று காரியம் செய்யுங்கள்.

1. வரிசையின் அடிவரை போய்ப் பாருங்கள்.
2. 'படிக்காதவை மட்டும்' என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.
3. தேடும் கட்டத்தில் அனுப்பியவரின் பெயரை எழுதித் தேடுங்கள்.

அப்போதும் கிடைக்காவிட்டால் குப்பைப் பெட்டியையும், வேண்டாத கடிதங்கள் சேரும் பெட்டியையும் பாருங்கள்.

இணையப் பக்கத்தில் பார்த்தால்?

மின்னஞ்சல் படிக்கத் தனி மென்பொருள் எல்லோரிடமும் இருக்காது. பலர் பிரவுசரில் ஜிமெயில் பக்கத்தைத் திறந்து படிக்கிறார்கள். பிரவுசர் என்பது இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள். இங்கே கணக்குக் கொஞ்சம் மாறும்.

ஜிமெயில் பக்கத்தின் பின்னணிப் படத்தை மாற்றுகிறோம். ஒரு பக்கத்துக்கு எத்தனை கடிதம் காட்ட வேண்டும் என்பதை மாற்றுகிறோம். இவை நம் கணக்கோடு சேர்ந்தவை. வேறு கம்ப்யூட்டரில் நம் பெயரில் திறந்தாலும் அதே மாதிரி வரும்.

எழுத்தை மட்டும் பிரவுசரில் பெரிதாக்கினால்? அது அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரோடு நின்றுவிடும். வேறு இடத்தில் வராது.

எழுத்தைப் பெரிதாக்குவது எளிது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே கூட்டல் குறி விசையைத் தட்டுங்கள். பெரிதாகும். கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும். பூஜ்யத்தைத் தட்டினால் பழைய அளவுக்கு வரும். தண்டர்பேர்டில் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் இப்படிச் செய்யலாம்.

வரிசையை மாற்றுவதும் கஷ்டம் இல்லை. தண்டர்பேர்டில் கடிதங்கள் அட்டவணை மாதிரி நிற்கும்போது மேலே தலைப்புகள் தெரியும். அதில் தேதி என்ற தலைப்பை ஒரு முறை அழுத்துங்கள். மறுமுறை அழுத்துங்கள். பழையதும் புதியதும் மேலும் கீழுமாக மாறி நிற்கும்.

ஒரு கம்ப்யூட்டர், பல பேர்

எல்லா வீட்டிலும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்காது. ஒன்றைத்தான் நாலு பேர் பயன்படுத்துவார்கள். பாட்டிக்குப் பெரிய எழுத்து வேண்டும். பேரனுக்குச் சின்ன எழுத்து போதும். தினமும் ஒருவர் மாற்ற, இன்னொருவர் திருப்ப, சண்டைதான் வரும்.

இதற்கு வழி உண்டு. கம்ப்யூட்டரிலேயே ஆளுக்கு ஒரு கணக்குத் தொடங்கலாம். பாட்டி தன் பெயரில் நுழைந்தால் பாட்டிக்கு வேண்டியபடி தெரியும். பேரன் தன் பெயரில் நுழைந்தால் அவனுக்கு வேண்டியபடி தெரியும். தண்டர்பேர்டிலும் ஆளுக்கு ஒரு புரொஃபைல் வைக்கலாம். ஆனால் அது காட்சியைப் பிரிக்கும், பூட்டுப் போடாது. ஒருவர் கடிதத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்றால் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல் என்பது நாம் உள்ளே நுழையச் சொல்லும் ரகசியச் சொல். பாஸ்வேர்டு என்று சொல்வதும் இதைத்தான்.

சிலர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவார்கள். பழையதில் இருந்த மாதிரியே புதியதிலும் வேண்டும் என்பார்கள். பழைய புரொஃபைலை அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கலாம். எழுத்தின் அளவும் வரிசையும் கூடவே வந்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம். சேமித்து வைத்த கடவுச்சொற்களும் அதோடு வந்துவிடும். அந்த நகலை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

பொது இடத்துக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கேரளத்தில் அட்சயா மையங்கள் இருக்கின்றன. இந்தத் திட்டத்தை 2002 நவம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். இப்படிப்பட்ட பொது மையங்களில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்துவார்கள்.

திருவனந்தபுரம் பொது நூலகம் 1829-ல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. அங்கே ஒரு புத்தகத்தை எத்தனையோ பேர் படிக்கிறார்கள். படிப்பவர் தம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். எழுந்து போகும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புத்தகத்தில் கிறுக்க மாட்டார்.

பொது இடத்துக் கம்ப்யூட்டரிலும் அந்த நாகரிகம் வேண்டும். உங்கள் கண்ணுக்கு ஏற்ற அளவில் எழுத்தை வைத்துப் படியுங்கள். கூச்சப்பட வேண்டாம். முடித்ததும் பழைய அளவுக்குத் திருப்புங்கள். உங்கள் மின்னஞ்சலை விட்டு வெளியே வாருங்கள். 'கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். எழுத்துப் பெரிதாக இருந்தால் அடுத்தவருக்குச் சின்னத் தொல்லைதான். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் உங்களுக்குப் பெரிய தொல்லை.

நினைவில் வையுங்கள்

காட்சியை மாற்றப் பயப்பட வேண்டாம். கடிதத்தை அழிக்க அவசரப்பட வேண்டாம்.

புது இடத்தில் உட்காரும்போது முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு வரிசையைப் பாருங்கள். பிறகு படியுங்கள். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். சிறுபிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். கேட்பது குறைவு அல்ல.

சரியா, தவறா? சொல்லுங்கள்

1. தண்டர்பேர்டில் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கினால் அக்காள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பெரிதாகும்.
2. ஐமேப் வழியில் ஒரு கம்ப்யூட்டரில் கடிதத்தை அழித்தால் மற்றக் கம்ப்யூட்டரிலும் போய்விடும்.
3. திரையின் மேலே புதுக் கடிதம் இல்லை என்றால் கடிதம் வரவில்லை என்று பொருள்.
4. பொது மையத்தில் படித்து முடித்ததும் மின்னஞ்சலை விட்டு வெளியே வர வேண்டும்.

விடை: 1. தவறு. 2. சரி. 3. தவறு. 4. சரி.